முகாமா ஊரா என்று பார்க்காதீர்கள், கையை அளந்து பாருங்கள்

கேள்வி: அகதிகள் முகாமில் தன்னார்வலராக இருக்கிறேன். ரேஷனைக் குறைத்துவிட்டார்கள். பக்கத்து ஊரிலும் விளைச்சல் இல்லாததால் அவர்களும் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். இருப்பதே கொஞ்சம். யாருக்கு முதலில் கொடுப்பது?

பதில்: யார் எந்தப் பக்கம் என்பதை விடுங்கள். 6 மாதம் முதல் 5 வயதுக்குட்பட்ட எல்லாக் குழந்தைகளுக்கும் இடது மேல் கையை அளவு நாடாவால் அளந்துவிடுங்கள். தோள்முனைக்கும் முழங்கைக்கும் நட்டநடுவில், கை தளர்ந்து தொங்கும்போது அளக்க வேண்டும். சுற்றளவு 115 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடு. அதற்கு மேல், 125-க்குக் கீழே இருந்தால் நடுத்தரம்.

அதோடு நிறுத்திவிடாதீர்கள். இரண்டு பாதங்களையும் கட்டைவிரலால் மூன்று விநாடி அழுத்திப் பாருங்கள். இரண்டிலும் குழி அப்படியே நின்றால், கை அளவு எதுவானாலும் அது கடுமையான குறைபாடுதான். வீங்கிய குழந்தையைக் கொழுகொழுவென்று இருப்பதாக நினைத்து அனுப்பிவிடுகிறார்கள். எனக்கு அதிகம் பயம் இந்தக் குழந்தைகளை நினைத்துத்தான்.

கடுமையான குறைபாடு உள்ளவர்களை உடனே சுகாதார மையத்துக்கு அனுப்புங்கள். கடுமையான வீக்கம், கடும் காய்ச்சல், ஓயாத வாந்தி, சோர்வு இருந்தாலோ, சாப்பிட மறுத்தாலோ மருத்துவமனையில் சேர்த்தாக வேண்டும். நீங்களாக வயிறு முட்ட ஊட்டிவிடாதீர்கள். அந்த உடம்பு தாங்காது. கடுமையான குறைபாடு இருந்தும் இந்த அறிகுறிகள் இல்லாத குழந்தைகளுக்குச் சுகாதார மையத்தில் சிகிச்சைக்கான நிலக்கடலைப் பசை பாக்கெட் கொடுத்து வீட்டுக்கு அனுப்புவார்கள். 92 கிராம், சுமார் 500 கலோரி. தண்ணீரில் கலக்க வேண்டியதில்லை, அதனால் அசுத்த நீர் உள்ளே போகாது. ஆனால் வீட்டில் பசியோடு இன்னும் மூன்று பிள்ளைகள் இருந்தால் அந்தப் பாக்கெட்டைப் பங்குபோடத்தான் செய்வார்கள். தாயைத் திட்டிப் பயனில்லை. அந்தக் குடும்பத்துக்கும் சேர்த்து உணவு கொடுங்கள்.

ஆறு மாதம் ஆகாத குழந்தைக்கு, யாராவது நன்கொடையாகத் தந்தாலும், பால் பவுடரை வாரி வழங்காதீர்கள். சுத்தமான தண்ணீர் இல்லாத இடத்தில் அது வயிற்றுப்போக்கில் கொண்டுபோய் விடும். தாய்க்குச் சாப்பாடு கொடுங்கள், அவள் பால் கொடுப்பாள். தாய் இல்லாத குழந்தையைச் சுகாதார மையத்திடம் ஒப்படைப்பதுதான் சரி.

ஊர்க்காரர்களை ஒதுக்கினால் மனக்கசப்பு மட்டுமல்ல, நோயும் வரும். கிணறு ஒன்றாக இருக்கலாம். தட்டம்மைக்கு வேலி தெரியாது. தடுப்பூசி இரு பக்கமும் போய்ச் சேரட்டும்.

அப்புறம், கணக்கு எழுதுங்கள். நிவாரணப் பணியில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 2,100 கலோரி என்றுதான் திட்டமிடுவார்கள். ரேஷன் அதற்குக் கீழே போகப்போக, நீங்கள் தேற்றி அனுப்பிய குழந்தையே திரும்பி வரும். எத்தனை பேரை அளந்தீர்கள், எத்தனை பேர் 115-க்குக் கீழே என்று முகாமுக்கும் ஊருக்கும் தனித்தனியாக வாரம் தவறாமல் குறித்து, ரேஷனை முடிவு செய்பவர்கள் கையில் கொடுங்கள்.