தாய்லாந்தின் சியாங் மாயில் மாத வாடகை அறை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கே: சியாங் மாயில் ஒரு மாதம் தங்க எவ்வளவு ஆகும்?

சாந்திதாம், சாங் பூவாக் பகுதிகளில் ஏ.சி., பால்கனியோடு ஒற்றை அறை 5,000 முதல் 7,000 பாட் (தாய்லாந்து நாணயம்). நிம்மான் பகுதியில் நீச்சல்குளம் உள்ள காண்டோ, அதாவது வீட்டுக்கு வீடு தனி உரிமையாளர் உள்ள அடுக்குமாடி, 10,000-க்குக் கீழே அபூர்வம். ஃபேன் மட்டும் உள்ள பழைய அறை 3,000-ஐ ஒட்டி. கரண்ட், தண்ணீர் தனி. நவம்பர் முதல் ஜனவரி வரை பேரம் படியாது, மழைக்காலத்தில் படியும்.

கே: ஊரிலிருந்தே படம் பார்த்து அட்வான்ஸ் அனுப்பிவிடலாமா?

கூடாது. முதல் மூன்று நான்கு நாள் விடுதியில் தங்கி, பிடித்த பகுதியில் காலையில் நடந்து பாருங்கள். மலிவான கட்டடங்கள் பல இணையத்தில் ஏறுவதே இல்லை. வாசலில் 'ஹோங் வாங்', அதாவது காலி அறை, என்று தாய் எழுத்தில் பலகை தொங்கும். அந்த எழுத்தைப் போனில் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். அறையைக் கண்ணால் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

கே: காண்டோவில் 15 நாள் மட்டும் எடுக்கலாமா?

விடுதி உரிமம் இல்லாத காண்டோவை 30 நாளுக்குக் குறைவாக வாடகைக்கு விடுவது சட்டப்படி குற்றம். ஓட்டலுக்குப் போங்கள்.

கே: வாடகை 5,500 என்றுதான் பேசினோம். மாதக் கடைசியில் 8,100 கேட்கிறார்கள். ஏமாற்றா?

உங்கள் பில்லிலேயே விடை இருக்கிறது: 300 யூனிட், யூனிட்டுக்கு 8 பாட், 2,400. தண்ணீருக்கு 200. யூனிட் விலை என்ன என்று குடிபுகுமுன் கேட்டீர்களா? கேட்டதாகக் கடிதத்தில் இல்லை. இந்த ஊரில் வாடகையைவிட முதலில் கேட்க வேண்டியது அதுதான்.

மின் வாரிய விலை யூனிட்டுக்குச் சுமார் நாலு பாட். பல அபார்ட்மென்ட்கள் 7, 8 என்று வாங்குகின்றன. பல அறைகளை வாடகைக்கு விடுபவர் உண்மை விலைக்கு மேல் வாங்கக்கூடாது என்று 2018 மே மாதம் விதியே வந்தது. பிறகு திருத்தங்களும் வந்தன. ஆனாலும் ரிசப்ஷன் பலகையில் 8 பாட் என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கும் கட்டடங்கள் இன்னும் உண்டு. இது அநியாயம். வாடகையைக் குறைத்துக் காட்டி, மீட்டரில் பிடுங்குகிறார்கள்.

தனி உரிமையாளரின் காண்டோ என்றால் வாரிய பில் பெரும்பாலும் நேராக வரும். செவன் இலெவன் கடையில் கட்டிவிடலாம். 6,500 வாடகையில் அப்படி ஓர் அறை கிடைத்து, அதே 300 யூனிட் ஓட்டினாலும் கரண்ட் 1,300-க்குள் முடியும். இரவெல்லாம் ஏ.சி. போடுபவருக்கு அதுதான் லாபம். ஏ.சி.யையே தொடாதவர் 5,500 அறையிலேயே இருக்கலாம்.

சாவி வாங்கும்போதே மீட்டரைப் படம் எடுங்கள். எண்ணும் தேதியும் தெரிய வேண்டும். எடுக்காவிட்டால் முன்பு இருந்தவரின் யூனிட்டும் உங்கள் தலையில் விழலாம். அடுத்து, அறையில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, தாழ்வாரத்தில் இருக்கும் மீட்டரின் தட்டு நிற்கிறதா பாருங்கள். பிறகு குளியலறை வாட்டர் ஹீட்டரைப் போடுங்கள். அது 3,500 வாட் இழுக்கும், தட்டு வேகமாகச் சுற்ற வேண்டும். சுற்றவில்லையென்றால் அது உங்கள் மீட்டரே இல்லை. ஐந்து நிமிட வேலை, இதைச் செய்யாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

கே: காலி செய்யும்போது அட்வான்ஸ் முழுசாக வருமா?

ஒப்பந்தக் காலம் முடிந்து, 30 நாள் முன்பே எழுத்தில் சொல்லியிருந்தால் வரும். அறை சுத்தம், ஏ.சி. சர்வீஸ் என்று தலா 500 பிடிப்பது வழக்கம். எவ்வளவு என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள். மூன்று மாதம் என்று கையெழுத்திட்டு இரண்டாம் மாதம் கிளம்பினால், அந்தப் பணத்தை மறந்துவிடுங்கள். சுவர்க்கறை, மெத்தைக்கறை, மீட்டர் எல்லாவற்றையும் முதல் நாளே படம் எடுங்கள்.

கே: டி.எம். 30 யார் போட வேண்டும்?

வெளிநாட்டவர் எங்கே தங்குகிறார் என்று குடிவரவு அலுவலகத்துக்குத் தெரிவிக்கும் படிவம் அது. போட வேண்டியவர் வீட்டுக்காரர், நீங்கள் வந்த 24 மணி நேரத்துக்குள். அந்த ரசீது இல்லாமல் விசா நீட்டிக்கப் போனால் குடிவரவு அலுவலகத்தில் திருப்பி அனுப்பக்கூடும். "போட்டுத் தருவீர்களா?" என்று அட்வான்ஸுக்கு முன்பே கேளுங்கள். மழுப்புகிறவரின் அறை எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

கே: அறையில் சமைக்க விடுவார்களா?

மலிவு அறைகளில் சமையலறையே இருக்காது. கேஸ் அடுப்புக்குப் பெரும்பாலும் தடை. இண்டக்‌ஷன் அடுப்பைப் பல இடங்களில் அனுமதிக்கிறார்கள், ஆனால் கேட்டுவிட்டு வாங்குங்கள். தாளிப்பு நெடி தாழ்வாரம் முழுக்கப் பரவினால் புகார் வரும். பால்கனியில் சிங்க் உள்ள அறையாகப் பாருங்கள். அடுப்பில் எரியும் கரண்டுக்கும் அதே யூனிட் விலைதான்.

கே: மார்ச் மாதம் வாடகை குறைவாமே, வரலாமா?

குறைவதற்குக் காரணம் புகை. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வயலும் காடும் எரிகின்றன, பி.எம். 2.5 எனும் நுண்துகள் மாசு அளவில் உலக நகரங்களின் பட்டியலில் இந்த ஊர் முதலிடம் பிடிக்கும் நாள்கள் உண்டு. ஆஸ்துமா உள்ளவர், குழந்தையோடு வருபவர் வரவே வேண்டாம். வந்தே தீர வேண்டுமென்றால் குளியலறை ஜன்னலை இறுக மூட முடிகிற அறையும், காற்றுச் சுத்திகரிப்பானும் கட்டாயம்.

கே: பிங் ஆற்றோரம் தரைத்தள அறை, பாதி விலை. எடுக்கலாமா?

2024 அக்டோபரில் ஆறு 5 மீட்டரைத் தாண்டி, நைட் பஜார் பக்கமெல்லாம் தண்ணீர் நின்றது. ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை மாடி அறை மட்டும்.

கே: நல்ல அபார்ட்மென்ட் ஒன்று சொல்லுங்கள்.

எந்த மாதம், எத்தனை பேர், ஏ.சி. எத்தனை மணி நேரம், வண்டி ஓட்டுவீர்களா, ஒன்றுமே எழுதவில்லை. எழுதி அனுப்புங்கள். விமான ஓசையில் தூங்க முடியுமா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். விமான நிலையம் ஊரை ஒட்டியே இருப்பதால் நிம்மான், சுதெப் பக்க அறைகளில் அது இரவிலும் கேட்கும்.