ஜாடிக்கா, சரக்குக்கா காசு? – வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்ததில் பாதிக்கு மேல் சுருக்கம் போக்கும் க்ரீம் பற்றிய கேள்விகள்தான். தீபாவளி போனஸ் வந்த கையோடு எழுதியிருக்கிறார்கள் போலிருக்கிறது.

கேள்வி: ஏழாயிரம் ரூபாய்க்கு ஒரு ஆன்டி-ஏஜிங் க்ரீம் பார்த்து வைத்திருக்கிறேன். வயது 41. வாங்கலாமா? – வாசகி, பெரம்பூர்

பதில்: என்ன க்ரீம், என்ன கலந்திருக்கிறது, எத்தனை கிராம், எதுவுமே எழுதவில்லை. விலையை மட்டும் சொன்னால் நான் என்ன சொல்வது? முந்தானையைப் பிரித்துப் பார்க்காமல் பட்டுப்புடவை எடுப்பீர்களா?

அட்டையைத் திருப்பி, சேர்மானப் பட்டியலைப் படியுங்கள். ஒரு சதவீதத்துக்கு மேல் இருப்பவற்றை அளவில் பெரியதிலிருந்து சிறியது வரை வரிசையாகப் போட வேண்டும். ஒரு சதவீதமும் அதற்குக் கீழும் உள்ளதை எப்படி வேண்டுமானாலும் கலைத்துப் போடலாம். இதுதான் விதி. அந்த எல்லைக் கோட்டை அட்டையில் போட மாட்டார்கள், நாமே கண்டுபிடிக்க வேண்டும். பட்டியலில் ஃபீனாக்ஸிஎத்தனால் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். அது கெட்டுப்போகாமல் காக்கும் சரக்கு, ஒரு சதவீதத்துக்கு மேல் போடக்கூடாது. அதற்குப் பின்னால் வருவதெல்லாம் பெரும்பாலும் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. முன்பக்கம் கொட்டை எழுத்தில் நியாசினமைடு (வைட்டமின் பி3) என்று போட்டுவிட்டு, பின்பக்கம் அதை ஃபீனாக்ஸிஎத்தனாலுக்கும் வாசனைக்கும் பின்னால் ஒளித்து வைத்திருந்தால் அது பெயருக்குத் தூவிய பெருங்காயம். நியாசினமைடு 2-லிருந்து 5 சதவீதம் இருந்தால்தான் பேச்சு.

ஒரு விதிவிலக்கு உண்டு. ரெட்டினால், அதாவது சுருக்கத்துக்குப் போடும் வைட்டமின் ஏ, ஒரு சதவீதத்துக்குக் கீழேயே வேலை செய்யும். ஐரோப்பிய யூனியன் 2024-ல் முக க்ரீம்களுக்கு 0.3 சதவீதம்தான் உச்சம் என்று வரம்பே வைத்துவிட்டது. அதனால் ரெட்டினால் பட்டியலின் வாலில் இருந்தால் தப்பில்லை. ஆனால் எத்தனை சதவீதம் என்று கம்பெனி வெளிப்படையாகச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாத இடத்தில் ஏழாயிரம் கொடுக்காதீர்கள். எம்.ஆர்.பி. பக்கத்தில் கிராம் விலையும் போட்டிருக்கும், அதையும் ஒரு பார்வை பாருங்கள்.

கேள்வி: கொலாஜன் க்ரீம் தடவினால் தோலில் கொலாஜன் ஏறுமா? – வாசகர், அண்ணா நகர்

பதில்: ஏறாது. தோலைத் தாண்டி உள்ளே போக மூலக்கூறு ஏறத்தாழ 500 டால்டனுக்குள் (மூலக்கூறின் எடையை அளக்கும் அலகு) இருக்க வேண்டும். தோலைத் தாங்கும் புரதமான கொலாஜன் மூன்று லட்சம். மேலேயே உட்கார்ந்து ஈரப்பதம் காக்கும், அவ்வளவுதான். அதற்கு கிளிசரின் போதும்.

கேள்வி: 24 காரட் தங்கத் துகள் கலந்த க்ரீம்? – வாசகி, தி.நகர்

பதில்: தங்கத்தைக் காதில் போடுங்கள்.

கேள்வி: தடித்த கண்ணாடி ஜாடியில் ரெட்டினால் நைட் க்ரீம், 6,800 ரூபாய். நாலு மாதமாகத் தடவுகிறேன். ஒரு மாற்றமும் இல்லை. க்ரீமின் நிறம் மட்டும் மஞ்சளாகிவிட்டது. எனக்கு ஒத்துக்கொள்ளவில்லையா? – வாசகி, வேளச்சேரி

பதில்: உங்கள் தோலில் ஒரு கோளாறும் இல்லை. 'ஜாடி' என்று படித்தபோதே பதில் தெரிந்துவிட்டது. இதைப் பலமுறை எழுதியாயிற்று, இன்னும் எத்தனை முறை எழுத வேண்டுமோ.

ரெட்டினாலுக்கு வெளிச்சம் ஆகாது, காற்று ஆகாது, சூடு ஆகாது. ஜாடியைத் திறந்தால் மேல்பரப்பு முழுக்க ஒரேயடியாகக் காற்றில் படுகிறது. ராத்திரிக்கு ஒரு தடவை வீதம் நாலு மாதத்தில் நூற்றிருபது தடவை திறந்திருக்கிறீர்கள். போதாததற்கு அது ஜன்னலோரத்து டிரெஸ்ஸிங் டேபிளில் இருந்திருக்கும், அல்லது கீசர் ஆவி அடிக்கும் பாத்ரூம் அலமாரியில். ஏ.சி. நின்ற பிறகு சென்னை வீட்டின் மாடி அறை மே மாதம் என்ன சூட்டில் இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். வெளிர் மஞ்சளாக இருந்த க்ரீம் அடர் மஞ்சளாகவோ பழுப்பாகவோ மாறினால் ரெட்டினால் சிதைந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் சில வாரம் தடவியதில் ஏதோ இருந்திருக்கலாம். பிறகு தடவியதெல்லாம் வாசனை போட்ட மாய்ஸ்சரைசர்.

தவிர, விரல். சோறு பிசைந்து கழுவிய கை, நக இடுக்கில் ஈரம், அப்படியே உள்ளே. கூடவே கொடுக்கும் பிளாஸ்டிக் கரண்டியை இரண்டாவது வாரமே தொலைத்துவிடுவார்கள்.

பிறகு ஏன் ஜாடியில் விற்கிறார்கள்? கையில் எடுத்தால் கனமாக இருக்க வேண்டும், கனம் இருந்தால் காசு கொடுத்தது நியாயம் என்று தோன்ற வேண்டும். காலியான ஜாடியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: அடிப்பாகம் கட்டைவிரல் தடிமனுக்குக் கண்ணாடி, சிலவற்றில் உள்ளே ஒரு சின்னக் கிண்ணம், வெளியே ஒரு பெரிய ஓடு, நடுவில் வெற்றிடம். ஐம்பது கிராம் சரக்கு நூறு கிராம் போலத் தெரியும். அந்த ஓட்டுக்கும் நீங்கள்தான் காசு கொடுத்தீர்கள்.

ரெட்டினாலோ வைட்டமின் சி-யோ வாங்கினால் அலுமினிய டியூப், இல்லையென்றால் ஏர்லெஸ் பம்ப். அலுமினிய டியூப் பிதுக்கினால் நசுங்கியபடியே நிற்கும், காற்றை உள்ளே இழுக்காது. பிளாஸ்டிக் டியூப் கையை விட்டதும் உப்பி, காற்றைக் குடிக்கும். ஏர்லெஸ் பம்பில் உறிஞ்சு குழாய் இருக்காது. அடித்தட்டு மேலே ஏறி க்ரீமைத் தள்ளும். குழாய் தெரிந்தால் அது சாதாரண பம்ப்தான், அட்டையில் எதைப் போட்டிருந்தாலும். திறந்த மூடி படத்துக்குள் '6M' என்றோ '12M' என்றோ போட்டிருப்பது திறந்த பின் எத்தனை மாதம் என்ற கணக்கு. திறந்த தேதியை மார்க்கர் பேனாவில் டியூப் மேலேயே எழுதி வையுங்கள்.

ஜாடியே கூடாது என்று சொல்லவில்லை. பெட்ரோலியம் ஜெல்லி, செராமைடு மாய்ஸ்சரைசர், நியாசினமைடு க்ரீம் இவையெல்லாம் காற்றுக்கு அவ்வளவு சீக்கிரம் கெடாது. ஜாடியில் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

கேள்வி: வைட்டமின் சி சீரம் டீ டிகாக்‌ஷன் நிறத்துக்கு வந்துவிட்டது. தீர்க்கலாமா? – வாசகர், அடையாறு

பதில்: கொட்டிவிடுங்கள். அடுத்தது சின்ன பாட்டிலாக வாங்கி, ஃபிரிட்ஜ் கதவில் வையுங்கள். ஃப்ரீசரில் வேண்டாம்.

கேள்வி: "93 சதவீதப் பெண்களுக்குச் சுருக்கம் குறைந்தது, ஆய்வில் நிரூபணம்" என்று விளம்பரம். நம்பலாமா? – வாசகி, குரோம்பேட்டை

பதில்: கீழே பொடி எழுத்தைப் படியுங்கள். எத்தனை பேர், எத்தனை வாரம், யார் அளந்தது என்று பாருங்கள். பல இடங்களில் அளந்தது யாருமில்லை, தடவியவர்களிடமே "குறைந்த மாதிரி இருக்கிறதா?" என்று கேட்டிருப்பார்கள். காய்ந்த தோலில் எந்த மாய்ஸ்சரைசர் தடவினாலும் ஒரு மணி நேரத்தில் மெல்லிய கோடுகள் மங்கும், முகம் கழுவினால் திரும்பி வரும். அதே க்ரீமை மருந்துச் சரக்கு இல்லாமல் செய்து, இரண்டையும் ஒப்பிட்டார்களா என்பதுதான் கேள்வி. "சுருக்கத்தின் தோற்றத்தைக் குறைக்கும்" என்று எழுதுகிறார்களே, அந்தத் 'தோற்றத்தை' என்ற சொல்லைக் கவனியுங்கள். வக்கீல் பார்த்து எழுதிய வரி அது.

கேள்வி: தோழி சொன்னாள் என்று மெடிக்கல் ஷாப்பில் ட்ரெட்டினாயின் 0.05 வாங்கித் தினமும் தடவினேன். ஐந்தே நாளில் தோல் உரிந்து எரிகிறது. – வாசகி, தாம்பரம்

பதில்: ட்ரெட்டினாயின் ரெட்டினால் குடும்பத்து மருந்து, அலங்காரப் பொருள் இல்லை. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது. கடைக்காரர் கொடுத்தார், நீங்கள் வாங்கினீர்கள். இரண்டு பேர் மேலும் தப்பு. கர்ப்பமாக இருந்தாலோ, அதற்கு முயற்சி செய்துகொண்டிருந்தாலோ இதைத் தொடவே கூடாது. ரெட்டினாலும் அப்படித்தான்.

இப்போதைக்கு நிறுத்துங்கள். எரிச்சல் அடங்கும்வரை வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர் மட்டும். நம் நிறத் தோலில் எரிச்சல் ஆறினாலும் கருமை தங்கிவிடும், மாதக்கணக்கில் போகாது. பிறகு தோல் டாக்டரைப் பாருங்கள். அவர் சரி என்றால் வழக்கமாக 0.025 சதவீதத்தில் ஆரம்பிப்பார்கள். வாரம் இரண்டு ராத்திரி போதும். முகம் கழுவி, நன்றாகக் காயவிட்டு, இருபது நிமிடம் கழித்து, முகம் முழுவதற்கும் ஒரு பட்டாணி அளவு; கன்னத்துக்கு ஒரு பட்டாணி, நெற்றிக்கு ஒரு பட்டாணி என்று இல்லை. கண் ஓரம், மூக்கு மடிப்பு, வாய் ஓரத்தில் முதலிலேயே கொஞ்சம் வாசலின் தொட்டு வையுங்கள், மருந்து அங்கே தேங்காது. லேசான உரிதல் ஒரு மாதம்போல இருக்கும். பலன் தெரிய மூன்றிலிருந்து ஆறு மாதம். ராத்திரி இதைத் தடவும் காலம் முழுக்க, பகலில் சன்ஸ்கிரீன் கட்டாயம்.

விலையைக் கேட்டால் சிரிப்பீர்கள். சுருக்கத்துக்கு மிக அதிக ஆதாரம் உள்ள பூச்சு இதுதான், டியூப் சில நூறு ரூபாய்.

கேள்வி: ஓ.எம்.ஆரில் ஏ.சி. ஆபீஸ். வெயிலே படுவதில்லை. ஆனாலும் சன்ஸ்கிரீன் போடுகிறேன், 50 கிராம் டியூப் ஏழு மாதம் வந்தது. ஆன்டி-ஏஜிங்குக்கு வேறென்ன வாங்கலாம்? – வாசகர், சோழிங்கநல்லூர்

பதில்: கணக்குப் போடுங்கள். ஏழு மாதம் என்றால் இருநூற்றுப் பத்து நாள். நாளுக்குக் கால் கிராம். முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம், ஒரு கிராமுக்குக் குறையாமல் வேண்டும். அந்த டியூப் ஒன்றரை மாதத்தில் தீர்ந்திருக்க வேண்டியது. எஸ்.பி.எஃப். 50 என்பது முழு அளவு தடவினால்தான் 50.

ஏ.சி. ஆபீஸ் என்பதும் பதில் இல்லை. தோலை முதுமையாக்கும் யு.வி.ஏ. என்ற சூரியக் கதிர் சாதாரண ஜன்னல் கண்ணாடியைத் தாண்டி வரும். 28 வருடம் லாரி ஓட்டிய ஓர் அமெரிக்கரின் புகைப்படம் 2012-ல் மருத்துவ இதழில் வந்தது: ஜன்னல் பக்கத்து இடது கன்னம் முழுக்கத் தடித்து மடிப்பு விழுந்திருந்தது, வலது கன்னத்தில் அந்த அளவு இல்லை. நம் ஊரில் ஸ்டியரிங் வலப்பக்கம்; உங்களுக்கு வலது கன்னம். ஆஸ்திரேலியாவில் ஏறத்தாழ 900 பேரை நாலரை வருடம் தொடர்ந்து பார்த்தார்கள், 2013-ல் முடிவு வந்தது: தினமும் தடவியவர்களுக்கு, இஷ்டப்பட்டபோது தடவியவர்களைவிடத் தோல் முதுமை 24 சதவீதம் குறைவு. எந்த ஏழாயிரம் ரூபாய் ஜாடிக்குப் பின்னால் இப்படி ஒரு கணக்கு இருக்கிறது?

வேறொன்றும் வாங்காதீர்கள், இதையே ஒழுங்காகப் போடுங்கள். கன்னத்தில் மங்கு இருந்தால் நிறம் கலந்த, அயர்ன் ஆக்ஸைடு உள்ள சன்ஸ்கிரீன் எடுங்கள். கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் மங்கைக் கூட்டும். நமக்கெல்லாம் வயதைக் காட்டிக்கொடுப்பது சுருக்கத்தைவிட முதலில் இந்தத் திட்டுத்திட்டான கருமைதான்.

கேள்வி: பியூட்டி பார்லரில் பெயர் ஒட்டாத டப்பாவில் 'இளமை க்ரீம்' தந்தார்கள். பத்தே நாளில் முகம் பளபளத்தது. நிறுத்தினால் சிவந்து அரிக்கிறது. – வாசகி, வடபழனி

பதில்: ஸ்டீராய்டு என்று சந்தேகப்படுங்கள். பாதரசமும் இருக்கலாம், அது தோலோடு நிற்காது, சிறுநீரகம் வரை போகும். ஸ்டீராய்டு முதலில் பளபளக்க வைக்கும், பிறகு தோலை மெலிய வைக்கும், சிவப்பு நரம்பு தெரியும், பரு வரும், பூனை முடி முளைக்கும். இந்த வாரமே தோல் டாக்டரிடம் அந்த டப்பாவோடு போங்கள். பெயர், தயாரிப்பாளர், பேட்ச் நம்பர், தேதி இல்லாத டப்பாவை முகத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். பார்லர் அக்கா எவ்வளவு நல்லவராக இருந்தாலும்.

கேள்வி: சிங்கப்பூரிலிருந்து சித்தி கொண்டுவருவது இங்கே கிடைப்பதைவிட வீரியமா? – வாசகி, மயிலாப்பூர்

பதில்: இல்லை. சரக்கும் சதவீதமும் ஒன்றென்றால் வேலையும் ஒன்று. இங்கே கடையில் வெளிநாட்டு க்ரீம் வாங்கினால் மட்டும், இறக்குமதியாளர் முகவரியும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: கண்ணுக்குக் கீழே தனி ஐ க்ரீம் தேவையா? – வாசகி, கொளத்தூர்

பதில்: பெரும்பாலும் அதே மாய்ஸ்சரைசர்தான், 15 கிராம் டப்பாவில் 50 கிராம் விலைக்கு. கண் எரியவில்லை என்றால் முகத்துக்குப் போடுவதையே எலும்பு ஓரம் வரை கொண்டுபோங்கள். ரெட்டினால் மட்டும் இமைக்குப் போகக்கூடாது.