பட்டாவில் ஓர் ஊர், வரி ரசீதில் வேறோர் ஊர்: ஊராட்சி எல்லை குறித்த கேள்விகளும் பதில்களும்

கிராம ஊராட்சி குறித்து எனக்கு வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே குழப்பத்திலிருந்து பிறந்தவை. 'எங்கள் ஊர்' என்று நாம் சொல்வது சட்டத்தின் கண்ணில் எது என்பதே அந்தக் குழப்பம். ஆகவே அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

என் நிலத்தின் பட்டாவில் ஒரு கிராமத்தின் பெயர் இருக்கிறது. வீட்டு வரி ரசீதில் வேறோர் ஊராட்சியின் பெயர் இருக்கிறது. நாங்கள் ஊரை அழைக்கும் பெயர் இரண்டிலுமே இல்லை. ஆவணங்களில் பிழையா?

பிழை இல்லை. தமிழ்நாட்டில் ஒரே நிலப்பரப்பின்மேல் மூன்று விதமான 'ஊர்' ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கின்றன.

முதலாவது வருவாய்க் கிராமம். இது நிலத்தை அளந்து, புல எண் கொடுத்து, தீர்வை விதிப்பதற்காக ஏற்பட்ட அலகு. பட்டா, அடங்கல் (சாகுபடிக் கணக்கு), 'அ' பதிவேடு (நிலப் பதிவேடு), புலப்படம் (புலத்தின் அளவை வரைபடம்) எல்லாம் இதன் பெயரிலேயே இருக்கும். 1980 வரை கர்ணமும் முன்சீப்பும் பார்த்துவந்த கணக்குகளை இன்று பார்ப்பவர் கிராம நிர்வாக அலுவலர். இரண்டாவது கிராம ஊராட்சி. 1994-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின்படி அறிவிக்கப்பட்டு, மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் அமைப்பு இது. வீட்டு வரி, குடிநீர் இணைப்பு, தெருவிளக்கு, வடிகால், சுடுகாட்டுப் பராமரிப்பு ஆகியவை இதன் பொறுப்பு. மூன்றாவது குக்கிராமம், அதாவது மக்கள் உண்மையில் குடியிருக்கும் இடம். உங்கள் பாட்டி சொன்ன பெயர் இதற்குரியது.

எண்ணிக்கையைப் பார்த்தால் இது விளங்கும். ஊராட்சிகள் ஏறத்தாழ 12,500 என்றால், குக்கிராமங்கள் 79,000-க்கு மேல். சராசரியாக ஓர் ஊராட்சிக்குள் ஆறு குக்கிராமங்கள் அடங்கும். அவற்றில் ஒன்றின் பெயர்தான் ஊராட்சிக்குக் கிடைத்திருக்கும். அந்தப் பெயர் எந்த ஊருடையது என்பதில் மற்ற ஐந்து ஊர்களுக்கும் இருக்கும் மனக்குறையை நான் அறிவேன்.

வருவாய்க் கிராமத்தின் எல்லையும் ஊராட்சியின் எல்லையும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஒரு வருவாய்க் கிராமம் முழுவதுமோ, பல சேர்ந்தோ, ஒன்றின் பகுதி மட்டுமோ, அடுத்தடுத்துள்ள இரண்டின் தொடர்ச்சியான பகுதிகளோ ஓர் ஊராட்சியாகலாம். எனவே உங்கள் வயல் ஓர் ஊராட்சியிலும் வீடு வேறோர் ஊராட்சியிலும் இருப்பது இயல்பானதே. மனு எழுதும்போது மட்டும் கவனம் வேண்டும். நிலம், வருமானச் சான்று, சாதிச் சான்று தொடர்பானவற்றில் வருவாய்க் கிராமத்தின் பெயரையும், வரி, குடிநீர், விளக்கு தொடர்பானவற்றில் ஊராட்சியின் பெயரையும் எழுதுங்கள். இரண்டையும் மாற்றி எழுதிய மனு ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு அலைந்தே ஆறு மாதம் கழிந்துவிடும்.

எங்கள் குக்கிராமத்தில் சுமார் 700 பேர் இருக்கிறோம். தாய் ஊராட்சி அலுவலகம் 5 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. தனி ஊராட்சியாகப் பிரிய முடியுமா?

சட்டப்படி கதவு திறந்தே இருக்கிறது. மக்கள்தொகை 500-க்குக் குறையாத பகுதியை ஊராட்சியாக அறிவிக்கலாம் என்பது சட்டத்தின் அளவுகோல். அறிவிக்கை வெளியிடும் அதிகாரம், ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற தகுதியில் மாவட்ட ஆட்சியருக்கு உண்டு. ஓர் ஊராட்சியிலிருந்து ஒரு பகுதியை நீக்குவதானாலும், சேர்ப்பதானாலும், அதற்கு முன் பாதிக்கப்படும் ஊராட்சிகளுக்குத் தங்கள் தரப்பைச் சொல்ல வாய்ப்பளிக்க வேண்டும். நடைமுறையில் கிராம சபைத் தீர்மானம், வட்டார வளர்ச்சி அலுவலரின் அறிக்கை, வருவாய்த் துறையின் வரைபடம் ஆகிய மூன்றும் சேர்ந்த பிறகே கோப்பு நகரும்.

அறிவிக்கை வந்ததும் பிறப்பது வெறும் பெயர்ப் பலகை அல்ல. ஊராட்சி என்பது சட்டத்தின் முன் ஒரு நபர். அதற்கு நிலையான வாழ்வும் பொது முத்திரையும் உண்டு. தன் பெயரில் சொத்து வாங்கலாம், வழக்குப் போடலாம், அதன்மீதும் வழக்குப் போடலாம். தலைவர் மாறினாலும் அது வாங்கிய கடனும் செய்த ஒப்பந்தமும் மாறுவதில்லை.

என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். 700 பேர் என்றால் ஏறத்தாழ 200 வீடுகள். அந்த வீட்டு வரியைக் கொண்டு ஊராட்சிச் செயலரின் ஊதியம், மேல்நிலைத் தொட்டி இயக்குபவரின் கூலி, மோட்டாருக்கான மின் கட்டணம் ஆகியவற்றைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அரசு மானியம் வந்தாலன்றிக் கணக்கு நிற்காது. தொலைவுதான் குறை என்றால், கிராம சபையைச் சுழற்சி முறையில் உங்கள் ஊரில் நடத்தும்படி கேட்பது எளிதான முதற்படி. தாய் ஊராட்சி உங்களைத் திட்டமிட்டுப் புறக்கணிக்கிறது என்றால் பிரிவினைக் கோரிக்கைக்கு நியாயம் இருக்கிறது. அந்தப் புறக்கணிப்பை மூன்றாண்டுச் செலவுக் கணக்கோடு காட்டுங்கள், ஆவேசத்தோடு மட்டும் காட்டாதீர்கள்.

இன்னொன்று, காலம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடக்கும் காலத்தில் நிர்வாக எல்லைகளை மாற்றுவதில்லை என்பது நாடு முழுவதற்குமான விதி. 2027 கணக்கெடுப்புக்காக எல்லை மாற்றங்களுக்கு 2025 டிசம்பர் 31 கடைசி நாளாக வைக்கப்பட்டது. எனவே உங்கள் மனுவுக்கு இப்போது 'பரிசீலனையில் உள்ளது' என்ற பதில் வந்தால், அதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

எங்கள் தெரு இரண்டு ஊராட்சிகளின் எல்லையில் இருக்கிறது. விளக்கு எரியவில்லை என்றால் இரண்டு ஊராட்சிகளுமே 'அது எங்களுடையது இல்லை' என்கின்றன. எல்லைக் கல்லும் காணவில்லை.

நான் பணியிலிருந்த காலத்தில் இதே போன்ற ஒரு தெருவுக்குப் போயிருக்கிறேன். பதினோரு கம்பங்கள், வடக்கிலிருந்து ஏழு எரியும், தெற்கில் நான்கு எரியாது. தேநீர்க் கடைப் பெஞ்சில் கிராம வரைபடத்தை விரித்து, காற்றில் பறக்காமல் நான்கு மூலையிலும் கண்ணாடி டம்ளர் வைத்து, நில அளவரோடு சேர்ந்து பார்த்தோம். எல்லைக் கோடு தெருவின் குறுக்கே போகவே இல்லை. தெருவின் மேற்கு ஓரமாக நீளவாக்கில் ஓடியது. கம்பங்கள் பதினொன்றுமே கிழக்கு ஊராட்சிக்குரியவை. இருபது ஆண்டுகளாக நடந்த சண்டை அரை மணி நேரத்தில் முடிந்தது. அடுத்த வாரம் விளக்கு எரிந்ததா என்பது வேறு கதை.

நீங்கள் செய்ய வேண்டியதும் அதுவே. முதலில் ஆட்சியரின் ஊராட்சி அறிவிக்கையில் எந்தெந்தப் புல எண்கள் எந்த ஊராட்சிக்குரியவை என்று பாருங்கள். பிறகு அந்தப் புல எண்களின் புலப்பட நகலை வாங்கி, இரண்டு ஊராட்சிகளின் பொறுப்பாளர்களையும் வைத்துக்கொண்டு அளக்கும்படி வட்டாட்சியருக்கு எழுதுங்கள். மூன்று கிராமங்கள் கூடும் இடத்தில் நட்ட முச்சந்திக் கல் இருந்தால் அளவை அங்கிருந்து தொடங்கும்; அது இல்லாவிட்டாலும் பக்கத்துப் புலங்களின் கற்களைக் கொண்டு இடத்தைத் திரும்பப் பிடித்துவிடலாம். அரசு நட்ட அளவைக் கல்லைப் பிடுங்குவதும் நகர்த்துவதும் தண்டனைக்குரிய குற்றம். சோழர் செப்பேடுகளில், தானம் கொடுத்த ஊரின் எல்லையைப் பெண் யானையை நடத்திச் சுற்றிவந்து கல்லும் கள்ளியும் நட்டுக் குறித்ததாக வரும். கள்ளியை ஆடு தொடாது என்பதைத் தெரிந்துதான் நட்டிருப்பார்கள் போலும். கல்லுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

கிராம சபையில் பத்துப் பேர்கூட உட்காருவதில்லை. ஆனால் பதிவேட்டில் நூற்றுக்கணக்கான கையெழுத்துகள் உள்ளன. அந்தத் தீர்மானம் செல்லுமா?

ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் உள்ள ஒவ்வொருவரும் கிராம சபையின் உறுப்பினர். குறைவெண் வரம்பும் உண்டு. மக்கள்தொகை 500 வரை 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வந்திருக்க வேண்டும். வீடு வீடாகப் போய்ப் பிறகு வாங்கிய கையெழுத்து வருகை ஆகாது.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டில் ஆறு நாட்கள் சபை கூடுகிறது. சபை நடக்கும்போதே வந்திருப்போரின் எண்ணிக்கையைக் குறிப்பிட்டு, உங்கள் மறுப்பைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அன்றே வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் ஆட்சியருக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். மூன்று மாதம் கழித்துச் சொல்லும் புகாரைவிட அன்று மாலை அனுப்பிய ஒரு பக்கக் கடிதத்துக்கு எடை அதிகம். அதே சமயம், கிராம சபைக்கு எல்லாம் வல்ல அதிகாரம் இருப்பதாகவும் எண்ண வேண்டாம். ஊராட்சியின் திட்டம், வரவு செலவு, தணிக்கை அறிக்கை, பயனாளிகள் பட்டியல் ஆகியவற்றில் அதன் சொல்லுக்குச் சட்ட மதிப்பு உண்டு. வேறு சட்டத்தின் கீழ் வேறு அலுவலருக்கு உள்ள அதிகாரத்தை அதன் தீர்மானம் ரத்து செய்துவிடாது.

வார்டு உறுப்பினர்கள் சேர்ந்து தலைவர்மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவரலாமா?

துணைத் தலைவர்மீது கொண்டுவரலாம். ஏனெனில் அவரைத் தேர்ந்தெடுப்பவர்கள் உறுப்பினர்களே. தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதால் அவரை நீக்கும் வழி வேறு. சட்டத்தின் 205-ஆம் பிரிவின்படி ஆட்சியர் குற்றச்சாட்டைத் தெரிவித்து விளக்கம் கேட்க வேண்டும். விளக்கம் போதாது என்றால் வட்டாட்சியர் ஊராட்சிக் கூட்டத்தைக் கூட்டி உறுப்பினர்களின் கருத்தைப் பதிவு செய்ய வேண்டும். பிறகு ஆட்சியர் காரணங்களோடு முடிவெடுக்க வேண்டும். இதில் ஒரு படி தவறினாலும் ஆணை உயர் நீதிமன்றத்தில் நிற்பது கடினம்.

பல ஊர்களில் உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஊராட்சிக் கணக்கிலிருந்து பணம் எடுக்கத் தலைவர், துணைத் தலைவர் இருவரின் ஒப்புதலும் வேண்டும். இருவருக்கும் ஆகாமல் போனால் குழாய் மோட்டாருக்கு மின் கட்டணம் கட்டக்கூட வழியிராது. அப்படி முடங்கினால், அந்த அதிகாரத்தை அலுவலர் ஒருவரிடம் தற்காலிகமாக ஒப்படைக்க ஆட்சியருக்கு வழி உண்டு. நீக்கக் கோரும் மனுவுக்கு முன் அதைக் கேளுங்கள்.

ஊராட்சியை நகராட்சியோடு இணைக்கப் போவதாகச் சொல்கிறார்கள். எதை இழப்போம்?

முதல் இழப்பு, நூறு நாள் வேலை என்று நாம் அழைத்துப் பழகிய ஊரக வேலை உறுதி. அது நகர்ப்புற உள்ளாட்சிக்குப் பொருந்தாது. ஊரக வீட்டுத் திட்டங்களும் அப்படியே. இரண்டாவது, கிராம சபை. நகர்ப்புறத்தில் 2022 முதல் பகுதி சபைகளும் வார்டு குழுக்களும் உள்ளன. ஆனால் அவை கிராம சபைக்கு ஈடாகா என்பதே என் எண்ணம். சொத்து வரியும் நகர்ப்புறச் சட்டத்தின்படி மாறும். உங்கள் பட்டாவும் வருவாய்க் கிராமமும் இதனால் மட்டும் மாறிவிடா. சாலை, பாதாளச் சாக்கடை, குப்பை அகற்றுதல் ஆகியவற்றில் நகராட்சிக்கு உள்ள பணபலம் ஊராட்சிக்கு இல்லை என்பதையும் நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். நகரத்தை ஒட்டி மனைகளாகிவிட்ட ஊருக்கு இணைப்பு நன்மையாகவே முடியலாம், வயலை நம்பி வாழும் ஊருக்கு அப்படி அல்ல.

அறிவிக்கையில் குறித்த நாளுக்குள் ஆட்சேபத்தை எழுத்தில் கொடுங்கள். ஊர் முழுவதும் ஒரே வாசகத்தை நகலெடுத்துக் கொடுப்பதைவிட, எத்தனை குடும்பங்கள் வேளாண் கூலியை நம்பி இருக்கின்றன என்ற விவரத்தோடு இருபது மனுக்கள் மேல். ஒருமுறை மாறினால் திரும்பவே திரும்பாது என்றும் இல்லை: 2004-இல் 561 பேரூராட்சிகள் சிறப்புக் கிராம ஊராட்சிகளாக்கப்பட்டு, 2006-இல் மீண்டும் பேரூராட்சிகளாயின.

ஊர்ப் பெரியவர்கள் கூடும் ஊர்ப் பஞ்சாயத்து போட்ட அபராதத்தை நான் கட்ட வேண்டுமா?

வேண்டாம். அதற்கும் சட்டப்படியான ஊராட்சிக்கும் தொடர்பில்லை. கட்டப் பஞ்சாயத்துகள் சட்டவிரோதமானவை என்று 2011-இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. ஊரைவிட்டு விலக்கி வைத்தால் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள்.

தேர்ந்தெடுத்த தலைவர் இல்லாதபோது யாரிடம் போவது?

தலைவருக்குப் பதிலாக அரசு நியமிக்கும் தனி அலுவலரிடம். 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களில் ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்து, பொறுப்பு தனி அலுவலர்களுக்குச் சென்றது. தலைவர் இல்லை என்பதால் கிராம சபை இல்லை என்று ஆகாது. அது வாக்காளர்களின் சபை.

எங்கள் குடியிருப்பின் பெயரோடு 'காலனி' என்ற சொல் ஒட்டியிருக்கிறது. அதை மாற்ற என்ன செய்ய வேண்டும்?

'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் அரசு அறிவித்தது. குடியிருப்புகள், தெருக்களின் சாதிப் பெயர்களை மாற்றும் ஆணையும் அதே ஆண்டு அக்டோபரில் வந்தது. புதிய பெயரைக் குடியிருப்பில் வாழ்பவர்களே முன்மொழிந்து, கிராம சபையில் தீர்மானமாக்கி, ஊராட்சி வழியாக அனுப்புவதே நல்லது. பெயரை மற்றவர்கள் சூட்டிய அனுபவம் அந்தக் குடியிருப்புக்கு ஏற்கெனவே போதுமான அளவு உண்டு. ஆணை வந்த பிறகு ஊராட்சியின் பலகையும் வரிப் பதிவேடும் மாறும். வாக்காளர் பட்டியல், குடும்ப அட்டை, ஆதார் முகவரி ஆகியவை தாமாக மாறா. ஒவ்வொன்றுக்கும் தனி விண்ணப்பம் தர வேண்டும். பட்டாவில் மட்டும் நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. அதில் உங்கள் குடியிருப்பின் பெயர் முதலிலிருந்தே இருந்திருக்காது.