குமுளி அக்கா பதில்கள்: எந்தக் கதவைத் தட்டுவது?

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய குமுளியில், ஏலக்காய்க் கடையின் மாடியில் குடும்பத்தோடு ஹோம்ஸ்டே நடத்துகிறவர் அக்கா. இந்த இதழில் கேரளச் சுற்றுலா பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: கம்பத்தில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். குமுளியில் அப்பா வாங்கிப் போட்ட வீடு பூட்டியே கிடக்கிறது. ஓர் ஆளைப் போட்டு ஹோம்ஸ்டே நடத்தலாம் என்கிறார் மச்சான். கேரளச் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தில் மனுக் கொடுத்தால் போதுமா அக்கா? (ஒரு வாசகர், கம்பம்)

தம்பி, மனு எழுதும் முன் முகவரியை மாற்றுங்கள். நீங்கள் சொல்லும் கழகம் வியாபாரம் செய்கிற அரசு நிறுவனம். தேக்கடியில் ஆரண்ய நிவாஸ், பெரியாறு ஹவுஸ், ஏரிக்கு நடுவே திருவிதாங்கூர் மகாராஜாவின் பழைய கோடை மாளிகையான லேக் பேலஸ், மூணாறில் டீ கவுண்டி, கொச்சியில் போல்காட்டி அரண்மனை ஆகியவற்றை ஹோட்டலாக நடத்துவதும் படகு விடுவதும் அதன் பிழைப்பு. ஒரு வகையில் உங்களுக்கு அது போட்டியாளர். எதிர்க் கடைக்காரரிடம் போய்க் கடை வைக்க உரிமம் கேட்பீர்களா?

ஹோம்ஸ்டேக்குத் தரச்சான்று கொடுப்பது மாநில அரசின் சுற்றுலாத் துறை. சில்வர், கோல்டு, டயமண்ட் என்று மூன்று தரம். அதிகபட்சம் ஆறு அறைகள். உள்ளாட்சி உரிமமும் போலீஸ் சான்றும் கேட்பார்கள். இவை எல்லாவற்றையும் விட முக்கியமான நிபந்தனை ஒன்று உண்டு. மச்சான் அதைச் சொல்லாமல் விட்டிருக்கிறார்: வீட்டுக்காரர் குடும்பத்தோடு அந்த வீட்டிலேயே குடியிருக்க வேண்டும்.

எங்கள் வீட்டுக்கு ஆய்வுக்கு வந்தவர்கள் புது மெத்தையையும் குளியலறை டைல்ஸையும் ஒரு பார்வை பார்த்ததோடு சரி. பின்கட்டுக்குப் போனார்கள். கொடியில் மாமனாரின் வேட்டி காய்ந்துகொண்டிருந்தது. சமையலறை மேடையில் பையனின் சாப்பாட்டு டப்பா கழுவாமல் கிடந்தது. எனக்கோ மானம் போனது. வந்த அதிகாரியோ அந்த டப்பாவைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டு ஏதோ எழுதினார். குடும்பம் குடியிருக்கிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி என்ன வேண்டும்? குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது, குப்பை எங்கே போகிறது என்று கேட்டார்கள். அதற்குப் பிறகுதான் அறைகளை அளந்தார்கள்.

ஆகவே நீங்கள் கம்பத்தில் இருந்துகொண்டு, ஆளைப் போட்டு நடத்துவது இந்தக் கணக்கில் வராது. சர்வீஸ்டு வில்லா என்று தனி வகை இருக்கிறது, அதை விசாரியுங்கள். அதுவும் வேண்டாம் என்றால் மச்சானையே குடும்பத்தோடு குமுளிக்கு அனுப்பி வீட்டை அவர் பெயருக்கு எழுதிவிடுங்கள். யோசனை சொன்னவர் அவர்தானே! வெளிநாட்டு விருந்தாளி வந்தால் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்பதையும் அவருக்குச் சொல்லி வையுங்கள். அதில் அசட்டை காட்டினால் சான்றிதழ் காப்பாற்றாது.

கேள்வி: ஆன்லைனில் தேக்கடிப் படகு டிக்கெட் தீர்ந்துவிட்டது. குமுளி பஸ் நிலையத்தில் ஒருவர், கூடுதல் பணம் கொடுத்தால் வாங்கித் தருகிறேன் என்கிறார். நம்பலாமா? (ஒரு வாசகி, மதுரை)

வேண்டாம் அம்மா. காலை 7.30 மணியிலிருந்து பிற்பகல் 3.30 வரை ஐந்து முறை படகு போகிறது. கேரளச் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகும் உண்டு, வனத்துறையின் படகும் உண்டு. ஒன்றில் இடமில்லை என்றால் மற்றதில் கேளுங்கள். சொந்த வாகனம் ஏரிக்கரை வரை போகாது. ஆனவச்சால் நிறுத்துமிடத்தில் விட்டுவிட்டு வனத்துறை பஸ்ஸில்தான் போக வேண்டும். வரிசையில் நிற்கும் நேரத்தையும் சேர்த்துக் கிளம்புங்கள். முதல் படகும் கடைசிப் படகும் நல்லவை. உச்சி வெயிலில் போனால் தண்ணீரும் பட்ட மரங்களும்தான் மிஞ்சும்.

படகில் லைஃப் ஜாக்கெட் மாட்டச் சொன்னால் முகம் சுளிக்காதீர்கள், போட்டோ எடுக்க எழுந்து நிற்காதீர்கள். 2009 செப்டம்பர் 30 அன்று இதே ஏரியில் கழகத்தின் ஜலகன்யகா என்ற இரண்டடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்துபோனார்கள். அரசு நடத்தும் படகு என்றால் பயமில்லை என்று நம்பி ஏறியவர்கள்தான் அவர்கள். சுற்றுலா வளர்ச்சி என்றால் விளம்பரமும் வரவேற்பு மாலையும் என்று நினைக்கிற எவரும் அந்தத் தேதியை மனதில் வைத்திருப்பது நல்லது.

கேள்வி: படகில் போனால் புலி தெரியுமா? (ஒரு சிறுவன், திண்டுக்கல்)

புலி உன்னைப் பார்த்திருக்கும் என்று இங்கே எல்லா வழிகாட்டிகளும் சொல்வார்கள். எனக்கு அது அலுத்துவிட்டது. தெரியாது என்றே வைத்துக்கொள். யானை, காட்டெருமை, மிளா, காட்டுப்பன்றி தெரியலாம். கோடையில் தண்ணீர் இறங்கியிருக்கும்போது வந்தால் வாய்ப்பு அதிகம். பட்ட மரங்களின் உச்சியில் நீர்க்காகம் சிறகை விரித்துக் காயவைக்கும், அதைப் பார். அந்த மரங்கள் 1895-இல் முல்லைப்பெரியாறு அணை கட்டியபோது முழுகியவை. அணைத் தண்ணீர் உங்கள் பக்கத்து வயலுக்கு வருகிறது, தேங்கி நிற்கிற ஏரியில் எங்கள் பக்கம் டிக்கெட் கிழிக்கிறார்கள்.

கேள்வி: பெர்லின் கண்காட்சி, லண்டன் கண்காட்சி என்று அதிகாரிகள் ஊர் சுற்றுவதற்குப் பெயர்தான் சுற்றுலா மேம்பாடா? (ஒரு வாசகர், சென்னை)

கொஞ்சம் உண்மை, ஐயா. ஆனால் மூன்று அறை வைத்திருக்கிற நான் பெர்லினில் மேசை போட முடியுமா? எனக்காக யாராவது போகத்தான் வேண்டும். கேரளம் 1986-லேயே சுற்றுலாவைத் தொழிலாக அறிவித்தது. ‘கடவுளின் சொந்த நாடு’ என்ற வாசகம் 1989-இல் ஒரு விளம்பர நிறுவனத்தில் பிறந்தது. இன்று அதைக் கடவுளே சொன்னதாக நினைக்கிறவர்களும் உண்டு.

எனக்குப் பிடித்த ஏற்பாடு வேறு. 2000-ஆம் ஆண்டிலிருந்து கொச்சியில் இரண்டாண்டுக்கு ஒருமுறை கேரள டிராவல் மார்ட் நடக்கிறது. தொழிலில் இருப்பவர்களே சங்கமாகச் சேர்ந்து அரசின் துணையோடு நடத்துகிறார்கள். நாம் வெளிநாட்டுக்குப் போகாமல், வெளிநாட்டு ஏஜெண்டுகளை இங்கே வரவழைத்து நம் ஆட்களுக்கு எதிரே உட்காரவைக்கிற ஏற்பாடு அது. பேரம், சந்தேகம், கைகுலுக்கல் எல்லாம் நேருக்கு நேர்.

விளம்பரத்தின் அருமை தெரிந்தது 2018-இல். மே மாதம் கோழிக்கோட்டில் நிபா வைரஸ் காய்ச்சல். அதிலிருந்து மீளும்போது, பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சிக்கு மூணாறு தயாராகிக்கொண்டிருந்தது. ஆகஸ்டில் வெள்ளம். குறிஞ்சி பூக்கும் ராஜமலைக்குப் போகும் வழியில் பெரியவரைப் பாலமே இடிந்து விழுந்தது. மழை ஓய்ந்து சாலை திறந்த பிறகும் எங்கள் போன் அடித்ததெல்லாம் அறையை ரத்து செய்யத்தான். டெல்லிக்காரருக்குக் கேரளம் முழுவதுமே தண்ணீருக்குள் இருந்தது. அந்த நேரத்தில் ‘வரலாம், வழி திறந்திருக்கிறது’ என்று நான் சொன்னால் வியாபாரத்துக்காகச் சொல்கிறேன் என்பார்கள். அரசாங்கம் சொன்னால் கொஞ்சமாவது காது கொடுப்பார்கள். அந்தச் செப்டம்பரில் டிராவல் மார்ட்டைத் தள்ளிப்போடாமல் நடத்தினார்கள் பாருங்கள், அந்தச் செலவை நான் வீண் என்று சொல்ல மாட்டேன்.

கேள்வி: இதையெல்லாம் தமிழ்நாடு ஏன் செய்வதில்லை? நம்மிடம் இல்லாததா? (ஒரு வாசகர், தென்காசி)

செய்யவில்லை என்று யார் சொன்னது? தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் 1971-இல் தொடங்கியது. ஹோட்டல் தமிழ்நாடு ஊர் ஊராக இருக்கிறது. திருப்பதிக்கு அவர்களுடைய பஸ்ஸில் போய் வந்தவர்கள் நம் உறவிலேயே இருப்பார்கள். 2014-இல் மத்திய அரசின் கணக்குப்படி உள்நாட்டுப் பயணிகளிலும் வெளிநாட்டுப் பயணிகளிலும் தமிழ்நாடுதான் முதலிடம், கேரளம் அல்ல. ஆனால் பழநிக்கும் இராமேஸ்வரத்துக்கும் போகிறவரை எந்தக் கழகமும் அழைக்கவில்லை, சாமி அழைக்கிறது. சுற்றுலாவுக்குத் தொழில் அந்தஸ்து தமிழ்நாட்டில் 2023 கொள்கையில்தான் வந்தது. கேரளத்துக்கும் நமக்கும் நடுவே முப்பத்தேழு ஆண்டுகள்.

கேரளத்திடம் கற்றுக்கொள்ள வேண்டியது வாசகம் எழுதுவதை அல்ல, குமரகத்தை. 2008-இல் பொறுப்புச் சுற்றுலா என்ற திட்டத்தைக் குமரகம், கோவளம், வயநாடு, எங்கள் தேக்கடி ஆகிய நான்கு இடங்களில் தொடங்கினார்கள். குமரகத்தில் பெரிய ரிசார்ட்டுகள் காய்கறியையும் முட்டையையும் குடும்பஸ்ரீ என்ற மகளிர் சுய உதவிக் குழுக்களின் உள்ளூர்ப் பெண்களிடம் வாங்கும்படி ஏற்பாடு செய்தார்கள். கயிறு திரிக்கிற வீட்டுக்கும் ஓலை முடைகிற வீட்டுக்கும் பயணிகளை அழைத்துப் போய், அந்த வீட்டுக்குப் பணம் சேர வைத்தார்கள். ஐ.நா. உலகச் சுற்றுலா அமைப்பின் 2013-க்கான யுலிசஸ் விருது அதற்குக் கிடைத்தது. தேக்கடியில் அந்த அளவுக்கு வேர் பிடித்ததா என்று கேட்டால், நான் இங்கே குடியிருக்க வேண்டியவள், விட்டுவிடுங்கள்.

நம் பக்கத்தில் இதற்குத் தோதாக ஒன்று கண்ணெதிரே இருக்கிறது. தேக்கடிக்கு வரும் மலையாளிக் குடும்பங்கள் ஜீப் பிடித்து மலையிறங்கிக் கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்டங்களைப் பார்க்கப் போகிறார்கள். சுருளிப்பட்டிப் பக்கம் போய்ப் பாருங்கள். பந்தலுக்குக் கீழே குனிந்து குனிந்து நடந்து போட்டோ எடுத்துக்கொள்வார்கள். விவசாயி வாசலில் பழமும் ஜூஸும் விற்பார். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. இந்தச் சுற்றுலாவை வளர்த்தது ஜீப் ஓட்டுநர்களும் தோட்டக்காரர்களும். அரசாங்கம் அங்கே பெரிய வளைவு கட்ட வேண்டாம், திராட்சை வடிவத்தில் சிலை வைக்க வேண்டாம். நல்ல கழிப்பறை, வண்டி நிறுத்த இடம், எந்தத் தோட்டத்தில் என்றைக்கு மருந்து அடித்தார்கள் என்று எழுதிவைக்கிற ஒரு பலகை. இவ்வளவு போதும். தேனி மாவட்டச் சுற்றுலா அலுவலருக்குக் கடிதம் எழுதுகிறவர்கள் வளைவு கேட்காமல் கழிப்பறை கேளுங்கள்.

கேள்வி: காட்டுக்குள் நடைபயணம் கூட்டிப் போவதும் சுற்றுலாத் துறைதானா? (ஓர் ஆசிரியை, போடிநாயக்கனூர்)

இல்லை டீச்சர். காடு வனத்துறையுடையது. அங்கே நடைபயணம், மூங்கில் தெப்பம், இரவுக் காவல் நடை எல்லாவற்றுக்கும் அவர்களிடம்தான் பதிய வேண்டும். இங்கே ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தப் பகுதியில் சுற்றுலாவால் பிழைப்பு மாறியவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர்களை மாற்றியது வனத்துறைதான்.

ஒரு காலத்தில் பெரியாறு காட்டுக்குள் திருட்டுத்தனமாக வயணப் பட்டை என்ற காட்டு இலவங்கப் பட்டையை உரித்துக் கடத்தியவர்கள் இருந்தார்கள். போலீஸ், வழக்கு, தலைமறைவு என்று வாழ்க்கை. 1990-களின் இறுதியில் வனத்துறை அவர்களைத் திரட்டிச் சூழல் மேம்பாட்டுக் குழுவாக்கியது. அவர்களே வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் ஆனார்கள். அப்படி ஒருவரோடு நடந்தால் தெரியும். அட்டை ஏறாமலிருக்க முழங்கால் வரை துணி உறையைக் கட்டிவிடுவார். பேசவே மாட்டார். திடீரென்று நின்று கையைத் தூக்குவார். நமக்கு ஒன்றும் கேட்காது. சற்றுப் பொறுத்தால் மூங்கில் முறியும் சத்தம் வரும். யானை எந்தப் பக்கம் நகர்கிறது என்று விரலால் காட்டுவார். ஒளிந்து வாழ்ந்தவருக்குத் தெரிந்த காடு அது. எந்தப் பயிற்சி நிலையமும் அதைக் கற்றுக்கொடுக்காது. பெண்களும் வசந்தசேனை என்ற குழுவாகக் காட்டுக்குள் ரோந்து போகிறார்கள், கவனியுங்கள்.

கேள்வி: மங்கலதேவி கண்ணகி கோட்டத்தை ஆண்டு முழுவதும் திறந்து சுற்றுலாத் தலமாக்கினால் என்ன? (ஒரு வாசகர், கூடலூர், தேனி மாவட்டம்)

சித்ரா பௌர்ணமி ஒரு நாளுக்கே தேனி, இடுக்கி இரண்டு மாவட்ட ஆட்சியர்களும் உட்கார்ந்து பேசித்தான் ஏற்பாடு செய்கிறார்கள். குமுளியிலிருந்து ஜீப், பளியன்குடியிலிருந்து நடை. கோயில் நிற்பது புலிகள் காப்பகத்துக்குள். வழிபடும் உரிமை, பாதை, கோயிலைப் பழுது பார்ப்பது ஆகியவை பற்றி நீங்கள் கேட்பது நியாயம், அது வேறு வழக்கு. சுற்றுலாத் தலமாக்குவதை மட்டும் கேட்காதீர்கள். ரிசார்ட்டுகளுக்கு நடுவே கண்ணகி என்ன செய்வாள்? மதுரையில் செய்ததைத்தான் செய்வாள்.

கேள்வி: தெருவுக்குத் தெரு ஆயுர்வேத மசாஜ் பலகை. எதை நம்புவது? (ஒரு வாசகி, கோவை)

சுற்றுலாத் துறையின் தரச்சான்று இருக்கிறதா என்று பாருங்கள். பெண்ணுக்குப் பெண்தான் எண்ணெய் தேய்க்க வேண்டும் என்பது அதில் விதி. வைத்தியர் இருக்கிறாரா என்று கேளுங்கள். தெருவில் கையைப் பிடித்து இழுத்து அழைக்கிறவரிடம் ஒன்றும் கேட்காதீர்கள்.

கேள்வி: மகள் பிளஸ் டூ முடிக்கிறாள். சுற்றுலாத் துறையில் சேர ஆசைப்படுகிறாள். எங்கே படிக்கலாம்? (ஒரு தாய், உத்தமபாளையம்)

திருவனந்தபுரத்தில் கேரள அரசு 1988-இல் தொடங்கிய கிட்ஸ் என்ற சுற்றுலாக் கல்வி நிறுவனம் இருக்கிறது. ஹோட்டல் பக்கம் ஆசை என்றால் திருச்சி துவாக்குடியில் தமிழ்நாட்டு அரசின் நிறுவனம். எங்கே சேர்ந்தாலும் மலையாளம் பேசவும் படிக்கவும் இப்போதே தொடங்கச் சொல்லுங்கள். உத்தமபாளையத்துப் பெண்ணுக்கு அது மலை ஏறி வருகிற தூரம்தான். இந்தியும் வேண்டும். வடநாட்டுக் குடும்பம் காலை உணவுக்கு என்ன கேட்கிறது என்று புரியாமல் எங்கள் சமையலறை பட்ட பாடு எனக்குத் தெரியும்.

விண்ணப்பம் போடும் முன் ஒரு விடுமுறைக்கு அவளை இங்கே அனுப்பிவையுங்கள். இரவெல்லாம் பஸ்ஸில் வந்து காலை ஆறு மணிக்கு இறங்குகிற குடும்பத்திடம், அறை பதினொரு மணிக்குத்தான் தயாராகும் என்று சிரித்த முகத்தோடு சொல்ல வருகிறதா என்று பார்த்துவிடலாம்.