டிரான்சிஸ்டர் சிமுலேஷன் மணிக்கணக்கில் ஓடுகிறது. பதிலி மாதிரி கைகொடுக்குமா?

திருவாரூரிலிருந்து ஒரு முதுகலை மாணவர் கேட்டிருக்கிறார்: மண்ணின் அமிலத்தன்மையை அளக்கும் ஐஎஸ்ஃபெட் என்ற டிரான்சிஸ்டர் உணரியை வடிவமைக்கிறேன். ஒரு சிமுலேஷனுக்கு 20 நிமிடம் ஆகிறது. மாற்றிப் பார்க்க வேண்டிய அளவுகள் ஆறு. சர்ரோகேட் மாடல் எனப்படும் பதிலி மாதிரி உதவுமா?

நிச்சயமாக உதவும். சில சிமுலேஷன்களின் விடைகளைப் பார்த்துக் கற்று, மற்ற வடிவங்களின் விடையை நொடியில் கணிப்பதுதான் பதிலி மாதிரி. தஞ்சாவூர்ப் பக்கம் இதே பாடத்தை நடத்துகிறவன் நான். உங்கள் கேள்வி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

கேட் நீளம், ஆக்சைடு தடிமன் என ஆறுக்கும் ஐந்தைந்து மதிப்புகள் வைத்தால் 15,625 ஓட்டங்கள். இரவு பகலாக ஓடினாலும் ஏழு மாதம். ஒவ்வொரு மின்னழுத்தப் படியிலும் மின்னழுத்தப் பரவலைத் தரும் பாய்ஸான் சமன்பாட்டையும், எலெக்ட்ரான், துளை (எலெக்ட்ரான் இல்லாத காலியிடம்) ஆகியவற்றின் ஓட்டச் சமன்பாடுகளையும் ஆயிரக்கணக்கான புள்ளிகளில் சேர்த்துத் தீர்ப்பதால்தான் இவ்வளவு நேரம். கல்லணையில் தண்ணீர் திறந்தால் கடைமடைக்கு என்றைக்கு எட்டும் என்று வாய்க்கால் லஸ்கர் எந்தச் சமன்பாடும் இல்லாமல் சொல்லிவிடுவார். பதிலி மாதிரியும் பார்த்துப் பழகியதை வைத்தே சொல்கிறது. அவர் கண்டிராத வெள்ளம் வந்தால் அந்தக் கணக்கு செல்லாது. பதிலி மாதிரியின் கணிப்பும் பயிற்சி எல்லைக்கு வெளியே செல்லுபடியாகாது.

லத்தீன் ஹைப்பர்கியூப் முறையில் 60 வடிவங்களைப் பரவலாகத் தேர்ந்தெடுங்கள். 20 மணி நேரத்தில் முடியும். இவ்வளவு குறைந்த தரவுக்கு நியூரல் நெட்வொர்க் வேண்டாம், காஸியன் பிராசஸ் என்ற புள்ளியியல் முறை போதும். தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் தாது மதிப்பைக் கணிக்க டேனி கிரிக் 1951இல் எழுதிய முறையிலிருந்து வளர்ந்தது அது. விடையோடு தன் ஐயத்தின் அளவையும் தரும். ஐயம் அதிகமுள்ள இடத்தில் அடுத்த சிமுலேஷனை ஓட்டுங்கள்.

பலரும் சறுக்குவது மின்னோட்டத்தில். அணைந்த நிலையில் பிக்கோ ஆம்பியர், திறந்த நிலையில் அதைப்போல் கோடி மடங்கு. அப்படியே பயிற்சி கொடுத்தால் பெரிய எண்களின் பிழையை மட்டுமே மாதிரி கவனிக்கும். அணைந்த நிலை முழுவதும் தவறிப்போகும். மின்னோட்டத்தின் மடக்கையைக் கொடுங்கள். பிறகு இயற்பியலை வைத்துச் சோதியுங்கள்: அறை வெப்பநிலையில் சாதாரண மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டரின் துணைவாசல் சரிவு, அதாவது அணைந்த நிலைப் பக்கம் மின்னோட்டத்தைப் பத்து மடங்கு மாற்றத் தேவைப்படும் கேட் மின்னழுத்தம், 60 மில்லிவோல்ட்டுக்குக் கீழே இறங்காது. ஒற்றைக் கேட் ஐஎஸ்ஃபெட்டின் உணர்திறன் 25 டிகிரியில் ஒரு பிஹெச்சுக்கு 59 மில்லிவோல்ட்டைத் தாண்டாது. மாதிரி இந்த உணர்திறனை 70 என்று காட்டினால் அந்த வடிவத்தை நம்பாதீர்கள், எவ்வளவு ஆசையாக இருந்தாலும்.

வடிவம் மாறும்போது மெஷ்ஷும் (கணக்கிடும் புள்ளிகளின் வலை) மாறுவதால் விடைகளில் சிறு நடுக்கம் வரும். மாதிரியில் இரைச்சலுக்கு இடம் விடாவிட்டால் அந்த நடுக்கத்தையும் உண்மை என்று கற்றுக்கொள்ளும். விடைக்கு ஒருங்காமல் பாதியில் நின்ற ஓட்டங்களுக்குப் பூஜ்யம் போடாதீர்கள். மெஷ்ஷை நெருக்கி மீண்டும் ஓட்டுங்கள்.

மாதிரி காட்டும் சிறந்த சில வடிவங்களை மூலச் சிமுலேட்டரில் ஓட்டிப் பாருங்கள். ஆய்வேட்டில் அந்த ஓட்டங்களின் எண்களையே எழுதுங்கள். மாதிரியின் கணிப்பையும் பக்கத்திலேயே போடுங்கள்.