கழித்த காய் எங்கே போகும்?

வாசகர் கேள்வி – பதில்

கே: எங்கள் பகுதியில் விவசாயிகளே பங்கு போட்டு நடத்தும் உழவர் உற்பத்தியாளர் கம்பெனி ஆரம்பித்திருக்கிறார்கள். கத்தரிக்காய் மண்டியில் கிலோ 20 ரூபாய்க்குப் போகும் நாளில் 22 ரூபாய் தருவதாகச் சொல்கிறார்கள். சரக்கு சூப்பர் மார்க்கெட்டுக்குப் போகிறதாம். சேரலாமா?
– வாசகர், ஒட்டன்சத்திரம்

ப: சேரலாம். ஆனால் அந்த 22 ரூபாயை மட்டும் பார்த்துச் சேர வேண்டாம். கொண்டுபோகும் சரக்கில் எவ்வளவு எடுப்பார்கள், கழித்த காய் எங்கே போகும் என்பதை முதலில் கேளுங்கள்.

1,000 கிலோ பறித்ததாக வைத்துக் கணக்குப் போடுவோம். மண்டியில் 10 சதவீத கமிஷன் 2 ரூபாய், வண்டி வாடகை 1 ரூபாய், இறக்குகூலி 50 காசு போனால் கிலோவுக்கு 16.50, மொத்தம் 16,500 ரூபாய் கைக்கு வரும். கம்பெனியில் கமிஷன் இல்லை. ஆனால் தரம் பிரிக்க இரண்டு ஆள் கூலி 800, சேகரிப்பு மையத்துக்கு வண்டி 500, ஆக 1,300 ரூபாய் செலவு. அவர்கள் 600 கிலோ எடுத்தால் 13,200 ரூபாய். மீதி 400 கிலோ மண்டிக்குத்தான் போக வேண்டும். நல்ல காயைப் பொறுக்கி எடுத்த பிறகு மிஞ்சியது 11 ரூபாய்க்குப் போனால், அதே கமிஷன், வாடகை, கூலி கழித்துக் கிலோவுக்கு 8.40தான் நிற்கும், அது 3,360. எல்லாம் போக 15,260 ரூபாய். மண்டியைவிட 1,240 ரூபாய் குறைவு! அதே சரக்கில் 800 கிலோ எடுத்தால் 17,980 வரும். இந்த விலைகளில் சுமார் 690 கிலோவுக்குக் கீழே போனால் மண்டியைவிட நஷ்டம். உங்கள் ஊர் வாடகை, கூலியைப் போட்டு இதே கணக்கை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

காய் கழிவது பெரும்பாலும் தண்டையும் காயையும் குடையும் புழுவான காய்த்துளைப்பானால்தான். அது புகுந்து வாடித் தொங்கும் நுனித்தண்டை வாரம் ஒருமுறை கிள்ளி எடுத்து அழியுங்கள். வரப்பில் போட்டால் புழு மறுபடி செடிக்கே வரும். ஆண் அந்துப்பூச்சியை மணத்தால் இழுத்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறி ஏக்கருக்கு 5 வையுங்கள். காலை வெயில் ஏறும் முன் காம்போடு பறித்து, சாக்கில் திணிக்காமல் பிளாஸ்டிக் கிரேட்டில் அடுக்கி நிழலில் வையுங்கள். சாக்கில் போனால் மேல்தோல் உரசி, மையத்துக்குப் போய்ச் சேரும்போது பழுப்புத் தடம் விழுந்திருக்கும். பூச்சி இல்லாத காயும் அங்கே கழிந்துபோகும்.

இன்னொன்று, வரத்து பெருகும் வாரத்தில் சூப்பர் மார்க்கெட்டின் இன்டென்ட், அதாவது அவர்கள் கேட்கும் அளவு, குறையும். விலை சரிந்து கிடக்கும் அந்த நாளில்தான் உங்களுக்கு அவர்கள் தேவைப்படுவார்கள். அதனால் மொத்தச் சரக்கையும் ஒரே இடத்தில் நம்பி விடாதீர்கள். எந்தச் சந்தையின், எந்த நாள் விலையை வைத்து 22 ரூபாய் போடுகிறார்கள், பணம் எத்தனை நாளில் வங்கிக்கு வரும், இவற்றை எழுத்தில் வாங்குங்கள்.

கே: உழவர் உற்பத்தியாளர் கம்பெனியில் 1,000 ரூபாய் பங்குத்தொகை கட்டினேன். அதிகப் பங்கு வைத்திருப்பவர் சொல்வதுதான் நடக்குமா?
– வாசகர், பழனி

ப: நடக்கக் கூடாது. தனி விவசாயிகள் உறுப்பினராக உள்ள உற்பத்தியாளர் கம்பெனியில் பங்கு எத்தனை இருந்தாலும் ஆளுக்கு ஒரே ஓட்டு. ஆண்டுப் பொதுக்குழுவுக்குக் குறைந்தது 14 நாள் முன்பே நோட்டீஸ் வர வேண்டும். உறுப்பினர்களில் நான்கில் ஒரு பங்காவது வந்திருக்க வேண்டும். பங்குச் சான்றிதழைக் கையில் வாங்கி வையுங்கள். பொதுக்குழுவில் வரவு செலவைக் கேளுங்கள், குறிப்பாக உரம், விதை வாங்கி விற்றதில் கிடைத்த லாபத்தை. பல கம்பெனிகள் காய் விற்பனையைவிட இடுபொருள் விற்பனையில்தான் ஓடுகின்றன. அந்த லாபம் உறுப்பினருக்கு எப்படித் திரும்புகிறது என்பது நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி.

கே: மண்டிக்காரரிடம் முன்பணம் வாங்கியிருக்கிறேன். சரக்கை வேறு எங்கும் போட முடியவில்லை.
– வாசகர், உடுமலை

ப: அந்த முன்பணத்துக்கு வட்டி என்று எதுவும் எழுதியிருக்காது. கமிஷனிலும், அவர் சொல்லும் விலைக்கே போட வேண்டிய கட்டாயத்திலும் அது கழிந்துகொண்டே இருக்கும். நாற்று விடும் முன்பே தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் பயிர்க்கடனுக்கு மனுக் கொடுங்கள். சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தகம் தயாராக இருக்கட்டும். தவணை தவறாமல் கட்டினால் தமிழ்நாட்டில் அதற்கு வட்டி கிடையாது. முன்பணத்தை ஒரே மூச்சில் தீர்க்க முடியாவிட்டால், ஒவ்வொரு லோடிலும் எவ்வளவு பிடித்தம் என்று பேசி, பட்டியல் சீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். சீட்டு இல்லாத பிடித்தம் பின்னால் தகராறில்தான் முடியும். மண்டிக்காரரைப் பகைத்துக்கொண்டு வெளியே வர வேண்டாம். நாளை நீங்கள் உற்பத்தியாளர் கம்பெனியில் சேர்ந்தாலும், அங்கே கழித்த காயை வாங்கப்போவது அவர்தான்.

கே: அரை ஏக்கரில் வெண்டை, கத்தரி. கம்பெனி கேட்கும் அளவு என்னிடம் இல்லை.
– வாசகி, மதுரை மாவட்டம்

ப: உங்களுக்கு உழவர் சந்தை பொருந்தும். 1999 நவம்பர் 14-ல் மதுரை அண்ணா நகரில்தான் முதல் சந்தை திறந்தார்கள். கமிஷன் இல்லை, அன்றே கையில் காசு. எங்கே விண்ணப்பிப்பது என்று சந்தையிலேயே கேட்டு அடையாள அட்டை வாங்குங்கள். ஒரு ஆள் அங்கேயே உட்கார்ந்து விற்க வேண்டும். அந்த ஆள் கூலியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பக்கத்துத் தோட்டத்துக்காரரும் அட்டை வைத்திருந்தால் வண்டி வாடகையைப் பங்கு போட்டுக்கொள்ளலாம்.