வெங்கர் பேனாக்கத்திகள்: வருடம் பொறித்ததிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: என் பெரியப்பா சுவிட்சர்லாந்தில் வேலை பார்த்தபோது வாங்கிய சிவப்பு நிற வெங்கர் பேனாக்கத்தி இப்போது என் கைக்கு வந்திருக்கிறது. அந்தப் பெயரில் இப்போது கத்தி வருவதில்லை என்கிறார்கள். இதே வகையில் இன்னும் சில சேர்க்க ஆசை. எங்கே தொடங்குவது, எதைப் பார்த்து வாங்குவது? கைப்பிடியில் பெரியப்பா தன் பெயரைக் கீறி வைத்திருக்கிறார். அதைத் தேய்த்து எடுத்துவிட்டு, துருவையும் நீக்கிப் பளபளப்பாக்கலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில். தேய்க்காதீர்கள். பெயர் கீறிய கத்திக்குச் சந்தையில் விலை சற்றுக் குறையும் என்பது உண்மைதான். ஆனால் தேய்த்துக் கைப்பிடி தேய்ந்துபோன கத்திக்கு இன்னும் குறையும். உங்களுக்கோ அந்தப் பெயர்தான் கத்தியின் மதிப்பே. அது அப்படியே இருக்கட்டும்.

நீங்கள் கேள்விப்பட்டது சரி. சுவிஸ் படைக்கு மடக்குக் கத்தி செய்துகொடுத்த கம்பெனிகள் இரண்டு: ஈபாக் ஊரின் விக்டோரினாக்ஸ், ஜூரா மலைப்பக்கத்து டெலிமோன் ஊரின் வெங்கர். ஒன்று ஜெர்மன் பேசும் பகுதி, மற்றது பிரெஞ்சு பேசும் பகுதி. 1908-ல் அரசு ஆர்டரை இருவருக்கும் பாதிப்பாதியாகப் பிரித்துக் கொடுத்தது. 2005-ல் விக்டோரினாக்ஸ் வெங்கரை வாங்கியது. 2013-ல் வெங்கர் பெயரில் கத்தி செய்வதை நிறுத்துவதாக அறிவித்தது. கைக்கடிகாரத்திலும் பைகளிலும் மட்டும் அந்தப் பெயர் தொடர்கிறது. இணையத்தில் ‘வெங்கர்’ என்று தேடினால் முதுகுப்பைகளாக வந்து குவிவது இதனால்தான்.

எங்கே தொடங்குவது? பலரும் கண்ணில் பட்ட சிவப்புக் கத்தியையெல்லாம் வாங்கிப் பெட்டியை நிரப்பிவிடுகிறார்கள். பிறகு எது எந்த ஆண்டுக்குரியது என்றே தெரியாமல் திணறுகிறார்கள். கடைகளில் விற்ற வெங்கர் கத்திகளில் பொதுவாக ஆண்டு இருக்காது. ஆகவே 1961 மாடல் சிப்பாய் கத்தியில் தொடங்குங்கள் என்பதே என் உறுதியான ஆலோசனை. 93 மில்லிமீட்டர் நீளம், வரிவரியாகச் சொரசொரப்பான அலாக்ஸ் எனும் அலுமினியக் கைப்பிடி. ஒரு பிளேடு, ஒரு குத்தூசி, ஒரு டின் ஓப்பனர், ஒரு பாட்டில் ஓப்பனர், அவ்வளவுதான். பிளேடை விரித்தால், அது கைப்பிடியோடு சேரும் அடிப்பகுதியில் கம்பெனி பெயரும் ஆண்டின் கடைசி இரு இலக்கங்களும் இருக்கும். 78 என்றால் 1978.

ஒரே மாடலை இரண்டு கம்பெனிகளும் ஒரே காலத்தில் செய்தன என்பதுதான் இதில் உள்ள சுவை. ஒரு ஆண்டை எடுத்துக்கொண்டு, அந்த ஆண்டின் வெங்கரையும் விக்டோரினாக்ஸையும் ஜோடியாக வைத்துப் பாருங்கள். எழுத்தின் வெட்டிலும் பிளேடை முடித்த விதத்திலும் இரண்டு பட்டறைகளின் கை தெரியும். பிறந்த ஆண்டு, பெரியப்பா அங்கே போன ஆண்டு என்று தேர்ந்துகொண்டால் தேடலுக்கு ஒரு எல்லையும் கிடைக்கும். 2008-ல் வந்த புதிய 111 மில்லிமீட்டர் படைக்கத்தி விக்டோரினாக்ஸுக்கு மட்டுமே போனது. நூறாண்டுப் பங்காளித்தனம் அங்கே முடிந்தது.

சிப்பாய் கத்தியிலேயே சிவப்பு அலாக்ஸ் என்று அதிக விலை சொன்னால் பிளேடின் அடிப்பகுதியைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். சிவப்பில் வந்தவை 1960களின் முற்பாதியில் மட்டும்தான். பிறகு எல்லாம் வெள்ளி நிறம். 85 என்று பொறித்த கத்தி சிவப்பாக இருந்தால், பின்னால் யாரோ நிறம் ஏற்றியிருக்கிறார்கள்.

உங்களிடம் உள்ளது போன்ற சிவப்புக் கத்திகளை அடையாளம் காண்பது கடினமல்ல. கைப்பிடியில் உள்ள சின்னத்தில், வெங்கர் சிலுவையைச் சுற்றி மூலை மழுங்கிய சதுரம் இருக்கும், விக்டோரினாக்ஸில் கேடயம். வெங்கரின் வழக்கமான நீளம் 85 மில்லிமீட்டர். விக்டோரினாக்ஸில் 84, 91. சாவிக்கொத்துக் கத்தியில் வெங்கரின் எஸ்கொயர் 65, விக்டோரினாக்ஸின் கிளாசிக் 58. கத்தரிக்கோல் இருந்தால் விரித்துப் பாருங்கள். விக்டோரினாக்ஸில் மெல்லிய வளைந்த ஸ்பிரிங் தனியாகத் தெரியும், அது உடைவதும் உண்டு. வெங்கரின் கத்தரிக்கோலில் அந்த மெல்லிய கம்பி கிடையாது, வெட்டும் விளிம்பில் நுண்ணிய பல்வரிசை இருக்கும். என் கணிப்பில் அந்தக் காலப் பேனாக்கத்திகளில் இதைவிட நல்ல கத்தரிக்கோல் இல்லை.

ஒரு எச்சரிக்கை. வெங்கரின் ஈவோகிரிப் போன்ற வளைந்த கைப்பிடி மாடல்கள் 2013-க்குப் பிறகும் டெலிமோனிலேயே விக்டோரினாக்ஸ் பெயரில் வந்தன. நல்ல கத்திகள்தான், ஆனால் வெங்கர் அல்ல. சின்னத்தையும் பிளேடின் அடிப்பகுதியையும் சேர்த்தே பாருங்கள்.

வாங்கும்போது பிளேடின் வடிவம்தான் முக்கியம். திரும்பத் திரும்பச் சாணை பிடித்த பிளேடு ஒல்லியாகி, முனை கீழிறங்கி இருக்கும். அதே மாடலின் புதிய படத்தோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும். ஒவ்வொரு கருவியும் விரியும்போதும் மடங்கும்போதும் ‘டக்’கென்று உட்கார வேண்டும். விரித்த பிளேடு பக்கவாட்டில் ஆடக்கூடாது. மடித்தபின் முனை வெளியே நீட்டக்கூடாது. சிவப்பு பிளாஸ்டிக் கைப்பிடிக் கத்தி என்றால், அதில் செருகியிருக்கும் பல்குச்சியும் சிமிட்டாவும் (முள் எடுக்கும் சாமணம்) இருக்கின்றனவா பாருங்கள். இணையத்தில் விற்பவர் சொல்லும் விலையை நம்பாமல், அதே கத்தி உண்மையில் விற்றுப்போன விலைகளைத் தேடிப் பாருங்கள். ஏலத் தளங்களில் அதற்கென வசதி உண்டு. சுவிஸில் சொந்தக்காரர்கள் இன்னும் இருந்தால், ‘புரோக்கன்ஹவுஸ்’ எனப்படும் பழைய பொருள் கடைகளில் பார்க்கச் சொல்லுங்கள்.

இனிச் சுத்தம் செய்வது. வெதுவெதுப்பான நீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, தண்ணீருக்குள்ளேயே கருவிகளைப் பலமுறை விரித்து மடக்குங்கள். நன்றாக உலர்த்தி, ஒவ்வொரு மூட்டிலும் ஒரு சொட்டு மினரல் ஆயில் விடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளடைவில் பிசுபிசுத்து அழுக்கைப் பிடித்துக்கொள்ளும். துருப்புள்ளிகளை எண்ணெயில் நனைத்த துணியால் பொறுமையாகத் துடையுங்கள். போகாத கறையை விட்டுவிடுங்கள். கம்பி நாரும் உப்புத்தாளும் கிட்டவே வரக்கூடாது. நகப்பூச்சு நீக்கும் அசிட்டோன், சிவப்புக் கைப்பிடியின் செல்லிடார் பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும். தோல் உறைக்குள் போட்டு வைக்கவும் வேண்டாம். கடலோர ஊர்களில் தோல் ஈரத்தைப் பிடித்துவைத்து உலோகத்தை அரிக்கும். உறையைத் தனியாகவும், கத்தியைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவிலும் வையுங்கள்.

சட்டத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். நம் ஆயுத விதிகளில் கூர்முனைக் கருவிகளுக்கான வரம்பு 9 அங்குல நீளம் அல்லது 2 அங்குல அகலம். பேனாக்கத்தி அதற்கு வெகு தூரம் கீழே இருக்கிறது. விமானத்தில் மட்டும் கைப்பையில் வைக்கவே கூடாது, பறிபோய்விடும். யாராவது கொண்டுவந்து தருகிறார்கள் என்றால், சரக்கில் போடும் பெட்டிக்குள் வைக்கும்படி முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.